மரப் பராமரிப்பைத் தொழிலாகக் கற்பது எப்படி? குமரி மாவட்டத்து இளைஞர் ஒருவருக்கு விரிவான பதில்

திருவட்டாறு வட்டத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்துத் தேறியிருக்கிறார். தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஊருக்குள்ளும் நகரங்களிலும் நிற்கும் மரங்களைப் பராமரிக்கும் வேலையை வாழ்நாள் தொழிலாகக் கொள்ள முடியுமா, அதற்கு எங்கே என்ன படிக்க வேண்டும், மரம் ஏறவும் செயின்சா என்னும் சங்கிலி வாளைப் பிடிக்கவும் தெரிந்தால் போதாதா, தாவரவியல் படிக்க ஆசைப்படும் தங்கைக்கும் இதில் இடமுண்டா என்பவை அவருடைய கேள்விகள். இந்தத் தொழிலில் முதல் எட்டு ஆண்டுகளைச் சிங்கப்பூரிலும் அதன்பின் பதினாறு ஆண்டுகளை நாகர்கோவிலைச் சுற்றியும் கழித்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொழிலாகக் கொள்ள முடியும். ஆனால் சேர்ந்து படித்து முடித்தவுடன் வேலைக்குப் போகும்படியான ஒரே படிப்பு, ஒரே கல்லூரி என்று இதற்கு எதுவும் நம் பக்கத்தில் இல்லை. மூன்று நான்கு இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று, அவற்றை நீங்களே ஒன்றுசேர்த்துக்கொள்ள வேண்டும். வனவியல் படிப்பு காட்டையும், தடி என்று நாம் சொல்லும் மரக்கட்டையையும் மையமாக வைத்து வளர்ந்தது. தோட்டக்கலைப் படிப்பு காயையும் கனியையும் பூவையும் மையமாக வைத்து வளர்ந்தது. சாலையோரத்திலோ பள்ளிக்கூட முற்றத்திலோ நிற்கும் மரத்திடம் நாம் எதிர்பார்ப்பது தடியுமில்லை, கனியுமில்லை. அது நிழல் தர வேண்டும், நெடுங்காலம் நிற்க வேண்டும், யார் தலையிலும் விழக் கூடாது. இந்த மூன்றையும் ஒருசேர நிறைவேற்றுவதற்கான அறிவுதான் மரப் பராமரிப்பு. ஒரு மரத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், ஓர் ஊரின் மரங்கள் அனைத்தையும் கணக்கெடுத்து, எந்தத் தெருவில் எதை நடுவது, எதன் கொப்புகளை எப்போது கழிப்பது, எதை அகற்றுவது என்று ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டால் அது நகர வனவியல். முன்னதைத் தெரியாமல் பின்னதைச் செய்ய முயல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒற்றை மரத்திலிருந்தே தொடங்குங்கள் என்பேன்.

நம் மாவட்டத்தில் மரம் ஏறுவதற்கு ஆள் குறைந்துவருகிறது என்றாலும் இன்னும் இருக்கிறார்கள். அறுப்பதற்கு நிறையவே இருக்கிறார்கள். ஒரு மரத்தின் முன் நின்று அதன் நிலையைப் படித்து, இந்தக் கொப்பை எடுக்கலாம், அதைத் தொடக் கூடாது, இந்த மரம் நிற்கும், அந்த மரம் நிற்காது என்று காரணத்தோடு சொல்லவும், சொன்னதை எழுதிக் கையெழுத்திடவும் கூடியவர்கள்தான் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கிறார்கள். உங்களுக்கு இடம் இருப்பது அங்கேதான்.

இது எவ்வளவு பெரிய குறை என்பதை 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30 நமக்குக் காட்டியது. ஒக்கி புயல் கடந்த சில நாள்களில், நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகும் வழியில் விழுந்துகிடந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்றை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளையும் இலையுமாக விரிந்த குடை முழுவதும் பச்சையாக இருந்தது. தண்டில் பொந்து இல்லை. பார்வைக்கு நோயற்ற மரம். வேரோடு பெயர்ந்து நிமிர்ந்திருந்த அடிப்பாகத்தைச் சுற்றிவந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வயல் பக்கத்து வேர்கள் அன்று முறிந்தவை. முறிந்த இடம் வெளிறி, நார்நாராகப் பிய்ந்திருந்தது. சாலைப் பக்கத்து வேர்களோ ஒரே நேர்கோட்டில், மண்வெட்டியால் வெட்டியதுபோல், தண்டிலிருந்து ஒரு முழத்தில் முடிந்திருந்தன. அவற்றின் முனை கறுத்து, விரலால் அழுத்தினால் நொறுங்கும் அளவுக்கு மக்கியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் குழாய் பதிப்பதற்குத் தோண்டிய பள்ளம் அந்தப் பக்கத்து வேர்கள் அனைத்தையும் அறுத்திருக்கிறது. அதன்பின் அந்த மரம் ஒரு பக்கத்து வேரை மட்டும் பிடிமானமாகக் கொண்டு, இலை உதிராமல், யாருக்கும் சந்தேகம் வராமல் நின்றிருக்கிறது. நாள் முழுவதும் பெய்த மழையில் மண் குழைந்ததும், காற்று அதைச் சாய்த்துவிட்டது. மரத்தைப் புயல் சாய்த்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பள்ளம் தோண்டும் நாளில் மரம் தெரிந்த ஒருவர் அங்கே நின்று, குழாயை இரண்டு மீட்டர் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லியிருந்தால் அது இன்றும் நின்றிருக்கக்கூடும்.

ஆகவே கற்க வேண்டியவற்றுள் முதலாவது மூடு. மரத்தின் அடியை மூடு என்பதும், மரங்களைப் பத்து மூடு தென்னை, ஐந்து மூடு பலா என்று மூட்டைக் கொண்டே எண்ணுவதும் நம் ஊர் வழக்கம். தொழில்முறையில் பார்த்தாலும் அது மிகச் சரியான எண்ணிக்கை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் சற்று அகன்று வேர்களாகப் பிரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மின்கம்பம்போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், ஒன்று நாற்றை ஆழமாக நட்டிருக்கிறார்கள், அல்லது பிற்பாடு மண் அணைத்திருக்கிறார்கள். இரண்டிலும் பட்டை மூச்சுமுட்டி அழுகத் தொடங்கும். நாற்றங்காலில் நெகிழிப் பையில் அளவுக்கு மீறிய காலம் இருந்த கன்றின் வேர்கள் பைக்குள்ளேயே வட்டமிட்டுச் சுருண்டிருக்கும்; அதை அப்படியே நட்டால், இருபது ஆண்டு கழித்து அந்தச் சுருள் வேர் தண்டையே இறுக்கும். சத்தையும் நீரையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 30 செ.மீ.க்குள்தான் இருக்கிறது என்பதையும், அது குடையின் விளிம்பையும் தாண்டிப் பரவும் என்பதையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து, அதிலிருந்து விட்டத்தைக் கணக்கிட்டு, அந்த விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தை மரத்தின் பாதுகாப்பு எல்லையாக வைத்துக்கொள்வது இத்தொழிலில் பொதுவான நடைமுறை. சுற்றளவு 157 செ.மீ. என்றால் விட்டம் 50 செ.மீ.; எல்லை 6 மீட்டர். தெருக்களில் அவ்வளவு இடம் கிடைக்காதுதான். ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம், அதனால் என்ன ஆகும் என்று சொல்வதற்காவது அந்த அளவு தெரிந்திருக்க வேண்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் போட்டிருந்த கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. நம் ஊர்களில் வியாபாரத் தெருக்களில் தண்டை ஒட்டிச் சிமெண்டு பூசியிருக்கும் காட்சியை இன்றும் காணலாம்.

இரண்டாவது, காயம். இதில் உங்களுக்குப் பலர்க்கும் கிடைக்காத ஓர் ஆசிரியர் வீட்டிலேயே இருக்கிறார். தகப்பனாரோடு ஒருநாள் விடிவதற்கு முன் தோட்டத்துக்குப் போய், அவர் கத்தியைப் பட்டையில் ஓட்டுவதை அருகில் நின்று பாருங்கள். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், பட்டையை மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டே போவார். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் மரத்தைப் பருக்கவைக்கும் மெல்லிய வளர்படலமான கேம்பியத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்துக் கத்தி நிற்கும். அந்த மில்லிமீட்டரைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைக்கும், மறுபட்டை சீராக வராது, பிறகு அதில் பால் வெட்ட முடியாது என்பார். ஒரு மரத்தில் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி எவ்வளவு மெல்லியது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையும் காட்டாது.

அதற்குமேல் நீங்கள் கற்க வேண்டியது, அந்தக் காயத்துக்கு மரம் உள்ளே என்ன செய்கிறது என்பது. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் அறுத்துப் பார்த்து, 1970-களில் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்: மரம் நம் தோலைப் போலப் புண்ணை ஆற்றுவதில்லை, புண்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர்களை எழுப்பி அதைத் தனிமைப்படுத்திவிட்டு, அதன்மேல் புதுத் தடியை வளர்த்து மூடுகிறது. பழைய காயம் உள்ளே அப்படியே இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் பல முடிவுகள் தாமாக வரும். வெட்டிய இடத்தில் தார் பூசுவதும் பெயிண்ட் அடிப்பதும் அழுகலைத் தடுப்பதில்லை. ரப்பரில் வரும் இளஞ்சிவப்பு நோய்க்குப் போர்டோ பசை பூசுவது வேறு, அது குறிப்பிட்ட ஒரு பூஞ்சைக்கான மருந்து. பெரிய கொப்புகளை நடுவில் அறுத்து மொட்டையடிக்கும் வழக்கத்தின் கேடும் இதனால்தான். அவ்வளவு பெரிய வெட்டுமுகத்தை மரத்தால் மூட முடியாமல் உள்ளே மக்கிக்கொண்டே போகும். வெட்டின் ஓரத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள், அதாவது புதுக் கிளைகள், வெளித்தடியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் நான்கைந்து ஆண்டில் கனத்துப் பிய்ந்து விழும். ஆபத்தைக் குறைக்க என்று செய்தது ஆபத்தைப் பெருக்கியிருக்கும்.

தென்னையும் பனையும் இந்த விளக்கத்துக்குள் வராதவை. அவற்றுக்குக் கேம்பியமே இல்லை. தண்டில் பட்ட காயம் என்றைக்கும் மூடாது. ஏறுவதற்கென்று தென்னந்தடியில் கொத்திய படி, அந்த மரம் உள்ள அளவும் அப்படியே இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு வகையும் அடுத்தடுத்து நிற்கும் நம் மாவட்டத்தில், இந்த வேறுபாட்டை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

கொப்பை எடுக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஒருவர் தொழில் தெரிந்தவரா என்பதை ஒரே வெட்டில் கண்டுகொள்ளலாம். கொப்பு தண்டோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேற்புறம் பட்டை நெருக்கி மடிந்து ஒரு வரம்புபோல் எழும்பியிருக்கும். கீழ்ப்புறம் சட்டைக் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். மா மரத்தில் இது நன்றாகத் தெரியும். அந்தத் தடிப்பு தண்டுக்குச் சொந்தமானது. சுவர் எழுப்பும் திறன் அங்கேதான் இருக்கிறது. ஆகவே முதல் வெட்டைத் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கொப்பின் அடிப்புறத்தில், மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குப் போட வேண்டும். இரண்டாவது வெட்டை அதற்குச் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து போட்டால் கொப்பு பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் முறிந்து விழும். மிஞ்சிய முளையை, அந்தத் தடிப்பைத் தொடாமல், அதன் வெளி விளிம்பில் மூன்றாவது வெட்டால் எடுக்க வேண்டும். தண்டோடு தண்டாக வழித்து அறுத்தால் பார்க்க அழகாக இருக்கும். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், மேற்பார்வையாளர் இல்லாத ஒரு நாளில், நானும் அப்படி அழகாக அறுத்தேன். ஏழு ஆண்டு கழித்து அதே மரத்தை மறுபடி பார்க்க நேர்ந்தது; நான் அறுத்த இடத்தில் என் முழங்கை வரை உள்ளே போகும் பொந்து இருந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு வெட்டுக்கும் முன் அந்தத் தடிப்பைத் தடவிப் பார்க்காமல் நான் வாளை வைத்ததில்லை.

இப்போது ஏறுவதையும் செயின்சாவையும் பற்றிச் சொல்லலாம். இரண்டும் தேவை; ஆனால் வரிசை முக்கியம். சிங்கப்பூரில் எனக்கு வாய்த்த மேற்பார்வையாளர் முதல் மூன்று மாதம் என்னை வாளைத் தொட விடவில்லை. கீழே நின்று கயிறு பிடிப்பது, இறக்கிய கொப்புகளை இழுப்பது, ஆள் நடமாட்டத்தைத் தடுப்பது, மேலே இருப்பவர் கேட்குமுன் அவருக்கு வேண்டியதை அனுப்புவது ஆகியவைதான் என் வேலை. மேலே நடக்கும் தவறுகள் எல்லாம் கீழே நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். அந்த மூன்று மாதத்தில் கற்றதை வைத்தே இன்றும் பிழைக்கிறேன். அடுத்தது முடிச்சுகள். மரம் ஏறுவதற்கென்றே செய்த 11 முதல் 13 மில்லிமீட்டர் கயிறு, இடுப்பும் தொடையும் தாங்கும் கச்சை, வேலை செய்யும்போது இரண்டாவதாக ஓர் இணைப்புக் கயிறு ஆகியவற்றோடு, எடை ஏறினால் கயிற்றை இறுகப் பிடிக்கும் உராய்வு முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குத் தரையிலேயே பழக வேண்டும். இரும்பு முள் பூட்டிய காலணியோடு ஏறுவது அறுத்துத் தள்ளப்போகும் மரத்தில் மட்டுமே. வாழப்போகும் மரத்தில் ஏறினால் ஒவ்வோர் அடியும் ஒரு காயம்.

தென்னையில் பழகி ஏற விரும்பினால், தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியைப் பாருங்கள். கருவி கொண்டு ஏறுவதோடு பூச்சி நோய்களை அடையாளம் காண்பதையும் சேர்த்துச் சொல்லித்தரும் ஆறு நாள் பயிற்சி அது. ஏறுகிறவர்களுக்கென வாரியம் விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் வைத்திருக்கிறது. காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன் வண்டு, நம் மேற்குப் பகுதிகளில் தொல்லை தரும் வேர் வாடல் நோய் ஆகியவற்றை அறியாமல் இம்மாவட்டத்தில் மர வைத்தியம் பார்க்க முடியாது. தளைநார் மாட்டிப் பனை ஏறும் பெரியவர்கள் அகஸ்தீஸ்வரம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய உடல் சமநிலையையும் காற்றைக் கணிக்கும் பழக்கத்தையும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அதே சமயம் கச்சையும் கயிறும் இல்லாமல் ஏறும் வழக்கத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களின் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

செயின்சாவைப் பற்றி இரண்டே எச்சரிக்கை. தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தோ ஏணியில் நின்றோ அறுக்காதீர்கள். வாளின் நுனியில் மேற்பகுதி மரத்தில் பட்டால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பும். தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான், சங்கிலி பட்டால் சிக்கி நிறுத்தும் கால்சட்டை ஆகிய நான்கையும் வாளோடு சேர்த்தே வாங்குங்கள். நான்குக்கும் பணம் இல்லையென்றால் வாளையும் அன்று வாங்க வேண்டாம். மின்கம்பிக்கு அருகே நிற்கும் மரத்தில், மின்வாரிய ஊழியர் வந்து லைன் கிளியர் கொடுத்து, கம்பியைத் துண்டித்து நிலத்தொடர்பு செய்ததை நீங்களே கண்ணால் பார்த்தால் ஒழியக் கை வைக்காதீர்கள். ஈரக் கொப்பு மின்சாரத்தைக் கடத்தும். இரு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் கொப்பு ஈரமாக இல்லாத நாள்கள் குறைவு.

இனிக் கல்வி. உங்களைப் போல் உயிரியல் படித்தவருக்கு மிகப் பொருத்தமானது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மேட்டுப்பாளையத்தில் இயங்கும் வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் நான்காண்டு வனவியல் பட்டப் படிப்பு. நமக்கு அண்மையில், கேரளத்தில் திருச்சூரை அடுத்த வெள்ளாணிக்கரையிலும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனவியல் கல்லூரி இருக்கிறது. வெளிமாநிலத்தவர் அங்கே சேர அகில இந்திய ஒதுக்கீட்டுக்கான நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். மதிப்பெண் அல்லது பணம் தடையாக இருந்தால் மனம் தளர வேண்டாம். நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலோ தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியிலோ தாவரவியல் இளங்கலை படித்துக்கொண்டே, சனி ஞாயிறுகளில் நாற்றங்காலிலும் மரத்தடியிலும் வேலை கற்றவர், நான்காண்டு விடுதியில் இருந்து புத்தகத்தை மட்டும் படித்தவரைவிட இத்தொழிலில் முந்துவார் என்பது என் அனுபவம். ஒட்டுக் கட்டுவதும் நாற்று வளர்ப்பதும் பழகப் பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் 1988 முதல் இயங்குகிறது. நாற்றங்கால், பூச்சி நோய் போன்ற பொருள்களில் அங்கே நடக்கும் குறும்பயிற்சிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள்.

பட்டத்தோடு, உலகெங்கும் மதிக்கப்படும் ஒரு சான்றிதழ் உண்டு. 1924-இல் தொடங்கிய பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கம், ஐ.எஸ்.ஏ., தேர்வு நடத்திச் சான்றளிக்கிறது. மூன்றாண்டு முழுநேர வேலை அனுபவம் இருந்தால் தேர்வு எழுதலாம். தொடர்புடைய நான்காண்டுப் பட்டம் இருந்தால் ஓராண்டு அனுபவமே போதும். மண், மர உயிரியல், இனங்காணல், நடவு, கழிப்பு, நோயறிதல், பாதுகாப்பான வேலை முறை, கட்டுமானத்தின்போது மரத்தைக் காத்தல், ஆபத்து மதிப்பீடு, நகர வனவியல் என்று பத்துத் துறைகளில் கேள்வி வரும். இந்தப் பத்தையும் உங்கள் பாடத்திட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதாவிட்டாலும் இது பயன்படும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால் படிப்பு நிற்காது. பெங்களூரு, சென்னை, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் எங்கும் வேலைக்குப் போகும்போது இதற்கு மதிப்பு உண்டு. ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கும். அதை இப்போதே, தினம் ஒரு பக்கம் என்று பழகத் தொடங்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட, எந்தச் செலவும் இல்லாமல் நாளைக்கே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு: நூறு மரங்களின் குறிப்பேடு. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறை பராமரிக்கும் பூங்காவில் ஐம்பது மரத்தையும், உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் ஐம்பது மரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், 1.37 மீட்டரில் சுற்றளவு, மூட்டின் நிலை, கவைகள், பழைய வெட்டுகள், அடியில் காளான் உண்டா, குடையின் எந்தப் பக்கம் மெலிந்திருக்கிறது என்பவற்றை எழுதுங்கள். ஒரே தடிமனான இரு கொப்புகள் ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் நெருக்கிச் சேர்ந்து, நடுவில் பட்டை உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கவை காற்றில் பிளக்கும். ‘யு’ எழுத்துப்போல் அகன்றிருந்தால் பெரும்பாலும் தாங்கும். மரச் சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிப் பொந்தின் ஒலியைப் பழகுங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறை அதே நூறு மரத்தையும் திரும்பப் பாருங்கள். இரண்டு ஆண்டில் எது விழும் என்று நீங்கள் நினைத்ததும் உண்மையில் விழுந்ததும் எழுத்தில் இருக்கும். அதைவிடச் சிறந்த பாடப் புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குறிப்பேடே நகர வனவியலுக்கும் வாசல். ஒரு தெருவின் மரங்களை எண்ணினால், பாதிக்கு மேல் ஒன்றிரண்டு இனமாகவே இருப்பது தெரியவரும். ஓர் ஊரில் ஒரே இனம் பத்து விழுக்காட்டையும், ஒரே பேரினம் இருபதையும், ஒரே குடும்பம் முப்பதையும் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மர ஆய்வாளர் ஃபிராங்க் சான்டமூர் 1990-இல் ஒரு விதியைச் சொன்னார். ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடக் கூடாது என்பது அதன் நோக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைத் தாங்க வேண்டிய தோவாளைப் பக்கத்துக்கும், உப்புக்காற்று வீசும் குளச்சல் கரைக்கும், மழை மிகுந்த குலசேகரத்துக்கும் ஒரே கன்றை அனுப்புவது திட்டமில்லாத வேலை. கரையில் புன்னையும் பூவரசும், கிழக்கே வேம்பும் புங்கும், மேற்கே அயினியும் மருதும் என்று இடம் பார்த்து நடுகிறவர் வேண்டும். தமிழகத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் பசுமைத் தமிழகம் இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது; ஒன்றிய அரசின் நகர்வனத் திட்டம் 2020 முதல் நடக்கிறது. நடுவதற்குப் பணமும் ஆர்வமும் இருக்கின்றன. நட்ட கன்றின் முதல் ஐந்து ஆண்டைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரிய மருத்துவமனைகள், கல்லூரி வளாகங்கள், சுற்றுலா விடுதிகள், தேயிலை ரப்பர் நிறுவனங்களின் குடியிருப்புகள், தேவாலயங்கள், கோயில்கள் ஆகியவை ஆலோசனைக்கும் ஆண்டுப் பராமரிப்புக்கும் இப்போது ஆள் தேடுகின்றன. உள்ளாட்சிகளிலும் நெடுஞ்சாலைப் பணிகளிலும் ஒப்பந்ததாரர் வழியாக வேலை வரும். வீட்டுக்காரர்களிடம்தான் சிக்கல். மரத்தை அறுக்க வருகிறவரே தடியை விலைக்கு எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரருக்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். தடி யாருக்குக் கிடைக்குமோ அவரே மரம் நிற்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொன்னால், தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் வாங்குங்கள், தடியில் பங்கு வாங்காதீர்கள். தொடக்கத்தில் இதனால் வேலை குறையும். நாலைந்து ஆண்டில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு ஏறும். அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும், பனையை வெட்டவும் ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்ததையும், சந்தனம், ஈட்டி முதலிய மரங்களுக்குத் தனி விதிகள் உள்ளதையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் யார் சொன்னாலும் வாளை எடுக்க வேண்டாம்.

தங்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணக்கெடுப்பு, நோயறிதல், நாற்றங்கால், ஆபத்து மதிப்பீடு, திட்ட வரைவு ஆகிய எல்லாமே அவருக்குத் திறந்திருக்கின்றன. ஏறுவதும் அப்படித்தான், கயிற்று முறையில் கை வலிமையைவிட முடிச்சும் கால் வைக்கும் பழக்கமும்தான் ஆளைத் தூக்குகின்றன, கேரளத்தில் தென்னை ஏறும் பயிற்சியைப் பெண்கள் பலர் முடித்திருக்கிறார்கள். நூறு மரக் குறிப்பேட்டை இருவரும் சேர்ந்தே தொடங்குங்கள்: ஒருவர் நாடாவைப் பிடிக்க, ஒருவர் எழுதலாம். நாடா, மரச் சுத்தியல், கையகல நோட்டு, நீளமான இரும்புக் கம்பி ஒன்று ஆகியவை போதும். மூட்டருகே மண்ணில் கம்பியை மெல்லக் குத்திப் பார்த்தால், வேர் எங்கே தொடங்குகிறது, எத்தனை விரல்கடை மண் ஏறியிருக்கிறது என்பது கைக்குத் தெரியும்.